கரையில் தெரியாத கச்சான்

ஆடி மாதம், மூன்றாம் வெள்ளி. பிற்பகல் மூன்று மணி கடந்து, கோயிலின் நிழல் கொடிமரத்தின் பீடத்தைத் தொட்டிருந்த நேரம். மூன்று நாளாக இரவும் பகலும் ஓயாமல் எச்சரிக்கைக்கு எட்டாத வேகத்தில் வீசிக்கொண்டிருந்த கச்சான் என்னும் மேல்காற்று அன்று உச்சிக்குப் பின் சட்டென்று நின்றிருந்தது. நின்றது என்று கொரற்றி தனக்குள் சொல்லிப் பார்த்தாள். சொல் சரியாக உட்காரவில்லை. ஓய்ந்தது, அடங்கியது, விழுந்தது, எதுவும் பொருந்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறது என்பதுதான் சரி. பிடித்த மூச்சை விடாமல் வைத்துக்கொண்டவர் உலகத்தில் எவரும் இல்லை. சிலுவைத்துறைக் கோயிலை ஒட்டிய அறிவிப்பு அறையில், துணி சுற்றிய மைக்குக்கு முன்னால், அவள் கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். காற்றின் வேகத்தையும் அலையின் உயரத்தையும் தினமும் மூன்றரை மணிக்கு ஊருக்கு வாசிப்பது அவள் பொறுப்பு. நான்கு மணிக்கு மேல் வள்ளங்கள் இரவு மீன்பாட்டுக்கு இறங்கும். கோயில் ஒலிபெருக்கிக் குழாய் 'வேண்டாம்' என்று சொன்ன நாளில் எந்த வள்ளமும் இறங்காது. எழுதிவைக்காத வழக்கம், எழுதிவைத்ததைவிடக் கெட்டியானது. இன்றைக்கு வந்த செய்தி அவள் கைபேசியில் இருந்தது. இன்று இரவு முதல் நாளை மாலை வரை, தென்கடலோரத்தில், மணிக்கு நாற்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து கிலோமீட்டர், இடையிடையே அறுபத்தைந்து வரை. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம். அதை ஐந்தாறு முறை படித்துவிட்டாள். படிக்கப் படிக்க எண்கள் தேய்ந்து, வேண்டாம் என்ற சொல் மட்டும், தொண்டையில் நின்ற முள்ளைப் போல, விழுங்கவும் துப்பவும் முடியாமல் நின்றது. ஜன்னல் வழியே கடற்கரை தெரிந்தது. கடல் சலவை செய்து விரித்த வேட்டியைப் போல் மடிப்பில்லாமல் கிடந்தது. அந்த மடிப்பின்மையைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை. நீலம் பூசிய தங்கள் புது வள்ளத்தின் பக்கத்தில் அவள் கணவன் சந்தியாகு ஐஸ் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தான். திரும்பிக் கோயில் பக்கம் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்றே நிற்பவனின் முதுகு அது. பத்து வருடமாக அவளுக்குப் பழக்கமான முதுகு.

சற்று முன்புதான் பிரகாசி மதினி வந்துவிட்டுப் போயிருந்தாள். சந்தியாகுவின் அக்கா, ஓடிவந்த இரைப்பில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏட்டி, இன்னைக்கு என்ன வந்துருக்கு? காத்தா, வெறும் பேச்சா?" என்று கேட்டாள். காற்றுதான் என்றாள் கொரற்றி. "வாசிக்கப் போறியா?" கொரற்றி கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்தாள். "அப்பம் கேட்டுக்க. டீக்கடையில லெயோன் பய எல்லார் முன்னாலயும் எந்தம்பிய நோண்டிட்டான். 'ஒம் பொண்டாட்டி புதுப் படகு நனையவே விடமாட்டாடே, நீ எறங்குற அன்னைக்கெல்லாம் பாத்து காத்த அவுத்து உட்டுருதா'ன்னு. இவன் என்ன செஞ்சான் தெரியுமா? படகு மூக்குல ஓங்கி அடிச்சு, அவ இன்னைக்கு என்ன வாசிச்சாலும் நான் போவேன், ஊரே நின்னாலும் தனியாப் போவேன்னு சொல்லிட்டான். தள்ளிவிட நாங்க இருக்கோம்னு நாலு பேரு சிரிக்கானுவ. மத்தவனுவ நிப்பானுவ, ஒன்னத் திட்டிக்கிட்டே நிப்பானுவ. இவன் போவான். இவன் சொன்னாச் செய்ற பயல்லா?" பிரகாசியின் கண் ஜன்னலுக்குள் எதையோ தேடியது. வாசி என்றும் வாசிக்காதே என்றும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. அவளுடைய சொந்தப் புருஷனும் இன்னொரு வள்ளத்தில் வலையை மடித்துக்கொண்டிருந்தார். "நல்லா யோசிட்டி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். யோசி. யோசனை என்பது முன்னே போகிற ஒன்று என்று படித்த காலத்தில் கொரற்றி நம்பியிருந்தாள். இந்த அறைக்குள் அது செக்கு மாட்டைப் போல் ஒரே தடத்தில் சுற்றியது. ஆனி முடிவில் ஒருமுறை 'வேண்டாம்' என்று வாசித்தாள். காற்று வடக்கே விலகிப் போய்விட்டது. ஆடி பிறந்ததும் மறுமுறை வாசித்தாள். நீலப் படகு முதன்முதலாக இறங்க வேண்டிய நாள் அது. அன்றைக்கும் கச்சான் முனகிவிட்டுப் படுத்துக்கொண்டது. ஊர் சிரித்தது. அவள் என்ன செய்வாள்; காற்று அவள் வீட்டு நாயா, கூப்பிட்டால் வருவதற்கு? ஆனால் இரண்டு தவறுக்குப் பின் மூன்றாவது எச்சரிக்கையின் எடை குறைந்துவிடுகிறது. காற்றின் எடை குறைவதில்லை. இதை அவள் எவரிடம் சொல்வது? சொன்னால், மேற்கே பிறந்தவளுக்குக் காற்றென்றால் பயம் என்பார்கள். அதுவும் பொய்யில்லை.

மேற்கே, குளச்சலுக்கு அப்பால், அவள் பிறந்த துறையில், இதே ஆடியில் இதே கச்சான் கடலிலிருந்து கரைக்கு வரும். எதிராளி வாசலில் வந்து நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர் அது. அலை தெங்கின் இடுப்பளவு எழுந்து, மணலைக் கரைத்து, ஒரு வருடம் அடுக்களைக்குள்ளேயே ஏறி அரிசிப் பானையைத் தூக்கிக்கொண்டு போனது; அம்மா முட்டளவு தண்ணீரில் நின்று, "எளவெடுத்த கடலே, பானைய வச்சுட்டுப் போ" என்று கையை நீட்டி ஏசினாள். பயங்கரந்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிந்த பயங்கரம். கடலைப் பார்த்தால் போதும், எவனும் வள்ளம் இறக்கமாட்டான். அங்கே எச்சரிக்கை வாசிக்க ஆள் வேண்டியதில்லை, கடலே வாசிக்கும். அந்தக் காற்றுதான் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குள் நுழைந்து, மலைகளின் நெருக்கலில் வேகம் கூடி, தேரிக்காட்டின் செம்மண்ணை வாரிக்கொண்டு, பனைகளை ஒரே பக்கமாகச் சீவிக்கொண்டு, இந்தக் கரைக்கு முதுகுப்புறமாக வந்து சேர்கிறது. முதுகுப்புறமாக வருவது அலையை எழுப்பாது, அழுத்தும். கல்யாணமான முதல் ஆடியில் அவள் இங்கே நின்று, "இது கடலா, குளமா?" என்று சிரித்தாள்.  சந்தியாகு உடைந்து கிடந்த மீன்பெட்டியின் தெர்மகோல் மூடியை எடுத்து முழங்கால் தண்ணீரில் வைத்தான். வைத்த கையை எடுக்குமுன் அது நழுவியது. "நீந்திப் பிடிச்சுருவியா?" என்றான். "பிடிச்சுருவேன்" என்றாள், மேற்குக் கரைப் பெண்ணின் வீம்பு. அந்த ஒரு வார்த்தைக்குள் மூடி வெகுதூரம் போயிருந்தது. ஓசையில்லை, நுரையில்லை, யாரோ கயிறு கட்டி இழுப்பதைப் போல் நேராக, வெள்ளைப் புள்ளியாக, புள்ளியின் நினைவாக. "கச்சான் இங்கன அடிக்காது, தள்ளும். பத்து பாகம் ஆழம் தாண்டினாத்தான் அதுக்குப் பல்லு முளைக்கும். எஞ்சின் நின்னுதுன்னா அந்தால இலங்கதான், அதுவும் நம்ம அதிர்ஷ்டம் நல்லா இருந்தா" என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை அவள் அன்று விரும்பினாள். இந்தக் கடலின் பொய்யை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவனே அவன்தான். தெரிந்தவன் போகிறான். தெரியாதவன் போனால் அறியாமை என்று அழலாம். தெரிந்தவன், டீக்கடையில் நாலு பேர் சிரித்ததற்காகப் போகிறான். இதற்கு எப்படி அழுவது?

வாசித்தால் ஒருவன். வாசிக்காவிட்டால் எல்லாரும், அவனும். கணக்கு இவ்வளவுதான், மூன்றாம் வகுப்புப் பிள்ளை போட்டுவிடும். ஆனால் அந்தக் கணக்கின் அடியில் வேறொன்று அசைந்தது, தண்ணீருக்கடியில் திருக்கை அசைவதைப் போல, மணல் நிறத்தில், பார்த்தால் தெரியாமல், பாராதிருந்தால் தெரிந்து. வாசித்தால் அவன் தனியாகப் போவான். எஞ்சின் நின்றால் கயிறு எறிய ஆளில்லை. இருட்டில் அவன் விளக்கை எண்ணுவதற்கு இன்னொரு விளக்கில்லை. வாசிக்காவிட்டால் அவனோடு மூன்று பேர் ஏறுவார்கள், சுற்றிலும் ஊர் வள்ளங்கள் எல்லாம் இருக்கும், கூப்பிடு தூரத்தில், பிரகாசியின் புருஷன் இருப்பார், லெயோன்கூட இருப்பான். எதிரியானாலும் கடலில் கயிறு எறியாமல் போகமாட்டான். ஆக, அவன் ஒருவனுக்கு நல்லது, அவள் வாயை மூடிக்கொண்டிருப்பது. அவன் ஒருவனுக்கு. கொரற்றியின் முதுகில் வியர்வை ஒரு கோடாக இறங்கியது. அப்படியென்றால் நான் இவ்வளவு நேரம் யோசித்தது என்ன? ஊர் ஆண்களையெல்லாம் அவனுக்குக் காவலாக அனுப்பிவைக்கலாமா என்று. அதை யோசனை என்று பெயர் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லெயோன் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்தது. புருஷனுக்காகக் காற்றை அவிழ்த்துவிடுகிறவள் என்றான். இன்று புருஷனுக்காகக் காற்றை மறைக்கப் பார்க்கிறவள். எண்ணைக் குறைத்து வாசிக்கலாமே. அறுபத்தைந்தை விட்டுவிடலாம், அது இடையிடையேதான். 'வேண்டாம்' என்பதைக் 'கவனம்' ஆக்கலாம். கவனம் என்றால் அவன் வீறாப்புக்கு வேலையிருக்காது, பாதிப் பேர் போவார்கள், பாதிப் பேர் நிற்பார்கள், போகிறவர்களில் அவன் ஒருவனாக இருப்பான். போகிற பாதி யார் யார்? அவள் மனம் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டத் தொடங்கியது. இந்த வீட்டில் இரண்டு பெண் பிள்ளைகள், இந்த வீட்டில் கண் தெரியாத மாமியார், இந்த வீட்டில் சென்ற மாதம் ஞானஸ்நானம் கொடுத்த குழந்தை. ஒவ்வொரு வாசலிலும், உன் ஆள் போகட்டுமா என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்க முடியவில்லை. கடைசியாகத் தன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். அங்கேயும் கேட்க முடியவில்லை.

கைபேசி அதிர்ந்தது. ஊர்க் கமிட்டித் தலைவர் கஸ்பார் அண்ணாச்சி. "தாயி, செய்தி வந்துட்டுன்னு சொன்னாவ. நான் வாசிக்க வேண்டாம்னு சொல்லல. நம்பர மட்டும் வாசி, போவாதீங்கன்னு நீ சொல்ல வேண்டாம். அவனவன் முடிவு பண்ணிக்கிடட்டும். கடலப் பாரு, கண்ணாடி மாரி கெடக்கு. இதப் பாத்துட்டு எவன் ஒன்ன நம்புவான்?" அவர் கெட்டவர் இல்லை, எல்லாரிடமும் நல்லவராக இருந்து தலைவரானவர். "செய்தியில வேண்டாம்னு இருக்கு அண்ணாச்சி" என்றாள். "இருக்கட்டும் தாயி, எல்லாத்தயும் வாசிக்கவா செய்யுதோம்?" "நான் எல்லாத்தயும்தான் வாசிக்கேன்" என்று சொன்ன பிறகுதான் தன் குரல் முடிவெடுத்துவிட்டதை அவள் அறிந்தாள், மனம் இன்னும் வாசல்படியிலேயே நின்றிருந்தது. ஆம்ப்ளிஃபயரின் சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்கின் துணியில் பழைய எச்சிலும் துருவும் கலந்த வாடை. வாசித்தாள். ஐம்பத்தைந்து. இடையிடையே அறுபத்தைந்து. கடலுக்குச் செல்ல வேண்டாம். வழக்கப்படி இருமுறை. நாலு குழாய்களும் நாலு திசையில் அவள் குரலை ஒரு கணம் பிந்தி எறிந்தன. பிந்தி வந்த அந்தக் குரல் வேறொருத்தியுடையதாக, நிதானமாக, கணவன் இல்லாதவளுடையதாக இருந்தது. இல்லாதவள் என்ற சொல்லில் மனம் இடறி விழுந்து, எழ மறுத்தது. கரையிலிருந்து லெயோனின் சத்தம் கேட்டது: "அடிச்சா பாரு மூணாவது ஆணிய! சிலுவையில ஆண்டவருக்கே மூணுதாண்டே!" சிரிப்பு. அதற்குப் பின் ஏச்சு. ஏச்சுக்குப் பின், ஒவ்வொன்றாக, வள்ளங்களை மேட்டுக்கு ஏற்றுகிற 'ஏலே ஏலே' ஓசை. நின்றுவிட்டார்கள். திட்டிக்கொண்டே நின்றுவிட்டார்கள். ஒரே ஒரு ஓசை மட்டும் எதிர்த்திசையில் போனது: எஞ்சினைத் தோளில் சுமந்தவனின் காலடி.

அறையைப் பூட்டினாளா என்று அவளுக்குத் தெரியவில்லை. மணல் சுட்டது, செருப்பை எங்கே விட்டோம் என்று ஒரு எண்ணம் வந்து, பதில் வாங்காமல் போனது. காற்றில்லாத வெளியில் செம்மண் தூசு இறங்காமல் தொங்கிக்கொண்டிருந்தது, ஊர் முழுக்க ஒரு கொசுவலைக்குள் இருப்பதைப் போல. என்ன சொல்லப் போகிறேன்? கெஞ்சினால் நாலு பேர் முன்னால் இன்னும் விறைப்பான். அழுதால் போயே தீருவான். காலைப் பிடித்தால், பெண்டாட்டியைக் காலில் விழவைத்தவன் என்ற பெருமையோடு போவான். இந்த ஊரில் பெண் வள்ளத்தில் ஏறுவதில்லை. அதன் மூக்கைத் தொடுவதுகூட இல்லை. ஏறிவிட்டால் அந்த வள்ளத்தை எவனும் தொடமாட்டான்; மறுநாள் காலைப் பூசைக்குப் பின் சாமியார் உப்பும் தீர்த்தமும் தெளித்து மந்திரித்த பிறகே அது தண்ணீர் தொடும்; அந்த வீட்டுக்குக் கமிட்டி அபராதம் போடும். மடமை என்று அவள் பலமுறை சொல்லியிருக்கிறாள். மேற்கே நாங்கள் வள்ளத்தில் உட்கார்ந்து நிலக்கடலை தின்றிருக்கிறோம் என்று பிரகாசியிடம் சிரித்திருக்கிறாள். சாமியாரிடமே கேட்டதற்கு, ஊர் வழக்கம் அம்மா என்று அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். கேலி செய்த வழக்கத்தின் வாசலுக்கு நான் இப்போது பிச்சைக்குப் போகிறேனா? போகிறேன். கால்கள் போய்க்கொண்டிருந்தன. நாலு பேர் வள்ளத்தின் இரு பக்கமும் தோள் கொடுத்துத் தள்ளத் தயாராக நின்றார்கள். சந்தியாகு எஞ்சினைப் பூட்டிக்கொண்டிருந்தான். அவள் யாரையும் பார்க்கவில்லை. சேலையை முழங்காலுக்கு இழுத்துச் செருகி, விளிம்பில் கை ஊன்றி, ஏறி, நடுப்பலகையில் உட்கார்ந்தாள். தோள் கொடுத்திருந்தவர்கள் நெருப்பைத் தொட்டவர்களைப் போல் விலகினார்கள். "ஆண்டவரே" என்றான் லெயோன். முதல்முறையாக அவனுக்கு வேடிக்கை வாய்க்கவில்லை. "ஏட்டி கொரற்றி, எறங்கு. ஊரு பாக்கு" என்றான் சந்தியாகு, பல்லைக் கடித்து, தணிந்த குரலில். "பாக்கட்டும்." "எறங்குங்கேன்." "எறங்குனா மட்டும்? தீட்டுப் பட்டாச்சு. இனி நாளைக்குப் பூச முடிஞ்சுதான்." பிரகாசி தலையில் அடித்துக்கொண்டு ஓடிவந்தாள். "புதுப் படகுட்டி! மாதா பேரு வச்ச படகுட்டி!" என்றாள். ஏச்சின் அடியில் அவள் குரல் நடுங்கியது. நடுக்கத்தின் அடியில் வேறு ஏதோ, நிம்மதி போன்ற ஒன்று, முக்காட்டுக்குள் மறைந்தது. சந்தியாகு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். அடிப்பான் என்று ஒரு கணம் நினைத்தாள். அடித்தாலும் இறங்குவதில்லை என்று அடுத்த கணம் நினைத்தாள். அவன் 'தள்ளுங்கடே' என்று சொல்லியிருக்கலாம். எவனும் வந்திருக்கமாட்டான், அதை அவனும் அறிவான். எஞ்சினைக் கழற்றித் தோளில் ஏற்றிக்கொண்டு, பாதையில்லாத பக்கமாக, யாரும் நிற்காத பக்கமாக நடந்தான்.

அன்று இரவு ஓர் ஓலைகூட அசையவில்லை. கொரற்றி விழித்தே கிடந்து, வராத காற்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வா என்று வேண்டவும் முடியவில்லை, வராதே என்று வேண்டவும் முடியவில்லை. பக்கத்தில் அவன் உறங்காமல் உறங்குபவனைப் போல் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். காலையில் பூசை முடிந்து சாமியார் படகை மந்திரித்தபோதும் கடல் அப்படியே விரிந்து கிடந்தது. "மீன வாரிக்கிட்டு வந்துருப்போம்" என்று லெயோன் எல்லார் காதிலும் விழச் சொன்னான். பத்து மணிக்கு மேல் கச்சான் வந்தது. தேரியின் பக்கம் வானம் சிவந்தது. பனைகள் ஒரே சமயத்தில் குனிந்தன. கோயில் ஓட்டில் இரண்டு பறந்தன. கரையோரம் மடிப்பில்லாமல் கிடந்த தண்ணீருக்கு வெகு அப்பால், ஆழம் தொடங்குமிடத்தில், ஒரு வெள்ளைக் கோடு எழுந்து அகலமாகிக்கொண்டே போனது. மாலை வரை அது ஓயவில்லை. ஆனாலும் ஊர் அவளுக்கு நியாயம் சொல்லவில்லை, சொல்லவும் இடமில்லை. இரவு போன வள்ளங்கள் காலை எட்டு மணிக்கெல்லாம் கரையேறிவிடும். எல்லாரும் மீனோடு வீட்டில் இருந்திருப்பார்கள், காற்று வந்து வெறும் மணலை அடித்திருக்கும். இதை லெயோன் விரல்விட்டுக் கணக்குச் சொன்னான், கணக்கு சரி. சந்தியாகு ஒருவன் மட்டுமே விடியலில் எல்லாரும் கரைக்குத் திரும்பும்போது இரண்டாம் முறை வலை விடுகிறவன். பதினொன்றுக்கு முன் அவன் கரை தொட்ட நாள் கிடையாது. அந்தச் சச்சரவில் அது எவர் நினைவுக்கும் வரவில்லை. அவன் வீட்டுச் சுவரில் சாய்ந்து, அந்த வெள்ளைக் கோட்டை, அது நிற்கிற இடத்தின் ஆழத்தை அறிந்தவனாகப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தான். 

படகில் பெண் ஏறியதற்குக் கமிட்டி விதித்தது ஆயிரத்தொரு ரூபாய். அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஊர் கலையுமுன், அதைக் கட்டியவன் சந்தியாகு. "காத்தும் வரத்தான செஞ்சுது, பாதியா வாங்கிக்கிடுதோம்" என்றார் கஸ்பார் அண்ணாச்சி. "முழுசா எடுத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றான் அவன்.